யானையைத் தொட்டவர்கள் கதையை எந்த இடத்தில் நிறுத்துவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். யானையைத் தடவிப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டவர்களின் கதையை இரண்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறீர்கள். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிள்ளை "ஒற்றுமையே பலம்" என்றது. இன்னொன்று "பொய் சொல்லக் கூடாது" என்றது. மற்றவர்கள் "எல்லாரும் தப்பாச் சொன்னாங்க மிஸ்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த முறை இவர்களை எப்படிப் பேச வைப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் திரும்பப் படித்தபோது அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. ஏழு வயதில் இது புரியுமா, வயதுக்கு மீறியதைக் கேட்டுவிட்டோமா என்கிற சந்தேகம் அது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கும்பகோணம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளிகளில் 26 ஆண்டுகள், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளை எடுத்தவள் நான். ஐந்திலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளைப் பற்றி மட்டுமே என் பேச்சு நிற்கும்.

"ஒற்றுமையே பலம்" என்று சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அது நன்றாகப் பழகிய பிள்ளை. கதை முடிந்ததும் பெரியவர்கள் ஒரு வரி எதிர்பார்ப்பார்கள், கையில் இருக்கிற நான்கைந்து வரிகளில் ஒன்றை எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். காகமும் நரியும் என்றாலும் இதே வரிகள்தான், சிங்கமும் நான்கு எருதுகளும் என்றாலும் இதே வரிகள்தான். ஆகவே முதல் திருத்தம் எளிது: "என்ன தெரிகிறது", "நீதி என்ன" இரண்டையும் கேட்காதீர்கள். பத்து ஆண்டுகள் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது திருத்தம் கதையையே தொடுகிறது. இதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று பௌத்தர்களின் பாலி நூலான உதானத்தில் இருக்கிறது. உலகம் அழியுமா அழியாதா என்று துறவிகள் வாய்ச்சண்டை போடுவதைக் கேள்விப்பட்டு புத்தர் சொல்வதாக வரும். சாவத்தி நகரத்து அரசன் ஒருவன் பிறவியிலேயே பார்வையற்றவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு பாகமாக யானையைக் காட்டச் சொல்கிறான். தலையைத் தொட்டவர்கள் பானை மாதிரி என்கிறார்கள். காது முறம், தந்தம் கலப்பைக் கொழு, துதிக்கை ஏர்க்கால், உடல் நெற்குதிர், கால் தூண், பின்புறம் உரல், வால் உலக்கை, வால் நுனி மயிர் துடைப்பம். மொத்தம் ஒன்பது. ஒரு பழைய வீட்டின் சாமான் பட்டியல் போல இருக்கிறது, இல்லையா? முக்கியமான செய்தி இதற்குப் பிறகுதான். எல்லாரும் "மாதிரி" என்றுதான் சொல்கிறார்கள். அதுவரை ஒரு வம்பும் இல்லை. "யானை இப்படிப்பட்டது, அப்படிப்பட்டதல்ல" என்று ஆரம்பித்ததும் கைகலப்பு வருகிறது. அரசன் அதைப் பார்த்து மகிழ்ந்தான் என்று முடியும்.

சண்டையைக் கிளப்பியது அந்த "அல்ல". கதையை அந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். நால்வர் தொட்டார்கள், நால்வரும் சொன்னார்கள், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நிறுத்திவிட்டு, "இப்போ இவங்க என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதிலாக "ஒற்றுமையே பலம்" என்று சொல்ல முடியாது. "இடம் மாறித் தொட்டுப் பார்க்கலாம்", "சேர்ந்து சுத்தி வரலாம்", "யாரையாவது கேக்கலாம்" என்று வரும். ஊரில் கோயில் யானை உண்டு என்பதால் எங்கள் வகுப்பில் வருஷா வருஷம் ஒரு குரல் எழும்: "பாகன் எங்க போனாரு? அவரைக் கேட்டா சொல்லிடுவாரே." அருமையான பதில். தெரிந்தவரைக் கேட்பதும் ஒரு வழிதான். அதையும் அப்படியே விட்டுவிடாமல், "பாகனுக்கு யானையைப் பத்தி எல்லாம் தெரியுமா?" என்று இன்னொரு அடி போகலாம். ஒரு வருஷம் ஒரு பெண் பிள்ளை, "யானைக்கு வயித்து வலின்னா பாகனுக்குத் தெரியாது, டாக்டர்தான் வரணும்" என்றாள். இன்னொருவன், "யானைக்கே தெரியும்" என்றான். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

சரி, நிறுத்தியாயிற்று. பிள்ளைகள் பேசத் தொடங்குகிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது? எனக்கு உதவியது நம் பேச்சுத் தமிழ்தான். தொட்டுப் பார்த்தவர் "தூண் மாதிரி இருந்துச்சு" என்பார். தொடாமல் ஊகிப்பவர் "தூண் மாதிரி இருக்கும்" என்பார். யாரோ சொல்லக் கேட்டவர் "தூண் மாதிரி இருக்காம்" என்பார். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பேச்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை வினைச்சொல்லின் வாலே சொல்லிவிடுகிற மொழி இது. அதைப் பிள்ளைகள் கவனிக்கும்படி செய்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன் மூடிய டப்பாவைக் காட்டி, "இட்லி இருக்கு, இட்லி இருக்கும், இட்லி இருக்காம். இதுல யாரு திறந்து பார்த்தது? யாருக்கு அம்மா சொன்னது? யாரு வாசனையை வச்சுச் சொல்றது?" என்று இரண்டு நாள் விளையாடுவேன். அப்புறம் யானைக் கதைக்குப் போனால், "முறம்தான்னு அடிச்சுச் சொல்றாரே, அவர் காதை மட்டும்தானே தொட்டாரு, மீதி 'இருக்கும்'தானே" என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். எழுத்துத் தமிழில் "யானை முறம் போன்றது" என்று பாடம் எழுதும்போது இந்த வால் அறுந்து போகிறது. அதனால் கதையைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல் வாயால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் பென்சில் காணாமல் போன தகராறில் ஒரு பையன் "அவன்தான் எடுத்தான்" என்று வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். "எடுத்திருப்பான் டீச்சர்" என்று தானே திருத்திக்கொண்டான். பென்சில் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உவமைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரலும் ஏர்க்காலும் நெற்குதிரும் இன்றைய பிள்ளைக்கு யானையை விட அந்நியம். தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றோடு ஒப்பிட்டால் கதை சொல்லகராதி ஆகிவிடும். "உரல்னா என்ன?" என்பதற்கே பத்து நிமிடம் போய்விடும். ஆகவே உவமைகளைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் பிள்ளைகள் துதிக்கைக்கு பம்ப்செட் ஹோஸ் என்றார்கள், காதுக்கு வாழை இலை என்றார்கள், காலுக்குத் தண்ணீர் டிரம் என்றார்கள். கோயிலில் யானையைத் தொட்டிருந்த ஒரு பிள்ளை, "தோல் தேங்காய் மட்டை மாதிரி, முடி குத்தும்" என்றது. இத்தனை உவமை கேட்டிருக்கிறேன், இதுதான் துல்லியம்.

இனி நான் செய்த பெரிய பிழை. பிள்ளைகளைப் பேச வைக்கிற ஆர்வத்தில் சில ஆண்டுகள் "எல்லாரும் சரிதான், அவங்கவங்க பார்வை அவங்கவங்களுக்கு" என்று முடித்துக்கொண்டிருந்தேன். கேட்க இனிமையாக இருக்கும். விளைவு என்ன தெரியுமா? மூன்றும் நான்கும் எட்டு என்று எழுதிய பையன், "என் பார்வையில எட்டு டீச்சர்" என்றான். அவன் குறும்புக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சொல்லிக் கொடுத்ததை அவன் சரியாகவே பயன்படுத்தியிருந்தான். யானைக் கதையில் யானை என்று ஒன்று நிஜமாகவே நிற்கிறது. ஒவ்வொருவரும் தொட்டது உண்மை, அதிலிருந்து முழு யானைக்குத் தாவியது பிழை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் கதை அரைகுறை. இதற்காக நானே ஓர் ஆளைக் கதைக்குள் நுழைத்தேன். அவர் யானைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைத் தடவிவிட்டு, "யானை சொரசொரன்னு இருக்கு, மேல இலை இருக்கு" என்று சொல்லுவார். "இவர் சொன்னதும் சரியா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். "அவரு தொட்டதைத்தானே சொன்னாரு" என்று ஒரு கட்சி, "அது யானையே இல்லையே" என்று ஒரு கட்சி. கால் தூண் மாதிரி என்றவருக்கும் மரத்தைத் தொட்டவருக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் தேடத் தொடங்கும்போது நீங்கள் நடத்த நினைத்த கலந்துரையாடல் நடந்துகொண்டிருக்கும். தரையில் எழுதிய 6 எதிரே நிற்பவருக்கு 9 என்று ஒரு படம் எங்கும் சுற்றுகிறதே, அதை நான் இதனால்தான் பயன்படுத்துவதில்லை. எழுதியவர் ஒன்றைத்தான் எழுதியிருப்பார், போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.

பார்வையற்றவர்களை இந்தக் கதையில் நாம் நடத்தும் விதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. ஒருநாள் நான் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், நாங்க ஒரு நாற்காலியில உக்காரதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் தடவிப் பாத்துடுவோம். யானை வாலை மட்டும் புடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவோமா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பாகத்தைத் தொட்டுவிட்டு முழுதும் தெரிந்ததாக நினைப்பது பார்வை உள்ளவர்களின் பழக்கம், அதைக் கொண்டுபோய் அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகு பாரசீகக் கவிஞர் ரூமியின் வடிவத்துக்கு மாறிவிட்டேன். 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய மஸ்னவி என்ற நெடுங்கவிதையில் யானை இருட்டறையில் நிற்கும், போகிறவர்கள் கண் தெரிந்தவர்கள், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். துதிக்கை தண்ணீர்க் குழாய், காது விசிறி, கால் தூண், முதுகு அரியணை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி இருந்திருந்தால் வேறுபாடு இருந்திருக்காது என்று வரும். நம் ஊருக்கு இதைக் கொண்டுவருவது சுலபம்: கரண்ட் போன ராத்திரி, தேர்முட்டிக் கொட்டகைக்குள் யானை. பிள்ளைகள் உடனே உள்ளே போய்விடுவார்கள். ஒரே ஓர் இழப்பு உண்டு. "டார்ச் அடிச்சா தெரிஞ்சிடும்" என்று முதல் நிமிடமே யாராவது சொல்லிவிடுவார்கள். "டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும்?" என்று கேட்டால் பேச்சு மறுபடி ஓடும்.

இதே காரணத்தால் கண்ணைக் கட்டி விளையாடுவதும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலர் பயந்து அழுவார்கள். அழாதவர்களுக்கு, பார்வை இல்லாமை என்றால் தடுமாற்றம் என்கிற தவறான பாடம் போகும். பதிலாகக் கோணிச்சாக்கு ஒன்றில் நான்கு இடத்தில் கை நுழைகிற அளவுக்குக் கிழித்து, உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியை வைத்துக் கட்டுங்கள். குழல் ஒரு பக்கம், ஓட்டை ஓட்டையான மூக்கு ஒரு பக்கம், கைப்பிடி, வயிறு என்று ஒவ்வொரு கிழிசலிலும் வேறு வேறு சங்கதி அகப்படும். நான்கு பேர் ஆளுக்கொரு கையை விட்டுச் சொல்ல வேண்டும், இடம் மாறக் கூடாது. "பைப்", "ஷவர்", "குடம்", "கதவுக் கைப்பிடி" என்று வரும். அப்புறம் நால்வரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் முறை நான்கு பேரும் அவரவர் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். உள்ளே விரலை நீட்டிப் பார்த்த ஒருத்தி, "உன் பைப் என் குடத்துல ஒட்டியிருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பூவாளி வந்தது. கதைக்கு முந்தின நாள் இதைச் செய்தால், மறுநாள் நீங்கள் கதையை நிறுத்தும் இடத்தில் கைகள் தானாக உயரும்.

இப்போது வயதுக் கேள்வி. குழந்தை உளவியல் ஆய்வாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட நூலில் மூன்று மலைகள் சோதனை வருகிறது. மேசை மேல் மலை மாதிரிகளை வைத்து, எதிரே இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று கேட்டால், சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிவதையே காட்டினார்கள். ஏழு வயது வரை இது வராது என்ற எண்ணம் இப்படித்தான் பரவியது. பிறகு மார்ட்டின் ஹியூஸ் என்பவர், மலைக்குப் பதிலாகச் சுவர்களையும் போலீஸ் பொம்மைகளையும் வைத்து, "பையனைப் போலீஸ் கண்ணில் படாமல் ஒளித்து வை" என்று கேட்டார். மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பங்கு பதில்கள் சரியாக இருந்தன. ஒளிந்து விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாமலா இருக்கும்! ஆகவே இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து வேறு ஒன்று தெரியும் என்பது உங்கள் வகுப்புக்கு நிச்சயம் புரியும். ஆனால் ஒரே பொருளை முழுதாகப் பார்த்த இருவர் அதற்கு வேறு வேறு அர்த்தம் கொள்ளலாம், இரண்டுக்கும் நியாயம் இருக்கலாம் என்பது வேறு படி. கார்ப்பென்டேல், சாண்ட்லர் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வாத்தாகவும் முயலாகவும் தெரியும் படத்தை வைத்துக் கேட்டபோது, ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இதை விளக்கத் திணறினார்கள், ஏழெட்டு வயதில் தேறினார்கள். இரண்டாம் வகுப்பு சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறது. சிலர் உள்ளே, சிலர் வெளியே. யானைக் கதை முதல் படியைச் சேர்ந்தது என்பதால் தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டாம் படிக் கேள்விகளுக்குப் பாதி வகுப்பு விழித்தால் கவலைப்படாமல் நகருங்கள்.

நடத்தும் முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது எழுதும்போது சின்னது, வகுப்பில் நிற்கும்போது யுகம். நான் மனதுக்குள் "ஒரு காக்கா, ரெண்டு காக்கா, மூணு காக்கா" என்று எண்ணுவேன். முதல் பதிலுக்கே "வெரிகுட்" சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல் கேட்டதும் மற்ற கைகள் இறங்கிவிடும். "இதைக் கேட்டுட்டு யாருக்காவது வேற தோணுதா?" என்பது போதும். இருபது நிமிடத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பிப்பார்கள், நிறுத்திவிடுங்கள்.

இதனால் என்ன பலன் என்று தலைமை ஆசிரியர் கேட்டால் அளவோடு பதில் சொல்லுங்கள். பிள்ளைகளோடு இப்படிக் கலந்துரையாடும் முறைக்கு அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் 1970களில் வடிவம் கொடுத்தார். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான சோதனை வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் காட்டியது. அதைவிடப் பெரியதாக நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில் வாசிப்பில் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே மதிப்பெண் கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பேசாத பிள்ளை பேசுகிறது, "ஏன்னா" என்று காரணம் சொல்லிப் பேசுகிறது, இவ்வளவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஆசிரியை சில வகுப்புகளில் பார்த்தது அது. அதை ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டான், ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குகிறார்கள் என்றால் அப்போது யானையை இழுத்து வராதீர்கள். "அவன் பக்கத்துல இருந்து பாரு" என்று அடி வாங்கிய பிள்ளையிடம் சொல்வது அநியாயம். அங்கே முதலில் அடியை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, கதையை முடித்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும்போது அது முடியாமல் இருந்தால் வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, கதை சொல்லி ஒரு வாரம் கழித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு பையன் காலை வழிபாட்டு வரிசையிலிருந்து விலகி என்னிடம் ஓடி வந்தான். "டீச்சர், கதையில யாருமே நாக்கைத் தொடலை. நான் வாழைப்பழம் குடுத்தப்ப பார்த்தேன், ரோஸ் கலரா இருக்கு." அன்று இரவு அந்தப் பாலிக் கதையின் ஒன்பதையும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாக்கு இல்லை.